தபால்பையில் போன குதிரைக் கதை

சிவப்பு மையை என்னைப்போல் செலவழித்த வாத்தியார் போடிநாயக்கனூரில் இன்னொருவர் இருந்திருக்க மாட்டார். ஒரு நோட்டைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் தப்பைத்தான் தேடும். எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பதெல்லாம் அப்புறம். ஓய்வுபெற்று இத்தனை வருஷம் ஆகியும், கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எழுத்துப்பிழை கண்ணில் பட்டுவிடுகிறது. இதற்காக வீட்டில் நான் வாங்கும் ஏச்சு தனி.

ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒன்றைச் சொல்கிறீர்கள். பாடப்புத்தகத்தைக் காட்டிலும் சின்னச் சின்ன அன்றாடக் கதைகளையும் சொந்த அனுபவங்களையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் வருகிறது என்கிறீர்கள். ஏதோ நீங்கள் கண்டுபிடித்த மாதிரி சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலேயே நான் அதைச் செய்தவன். நன்றாகவே வரும், சந்தேகம் வேண்டாம். ஆனால் அப்படிக் கற்பிக்கும்போது ஒருநாள் ஒருவர் தம் வாழ்க்கையையே எடுத்து உங்கள் முன்னால் வைப்பார். அப்போது உங்கள் கண் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். என் கண் எங்கே போயிற்று என்று சொல்கிறேன்.

சிலமலையில் வெள்ளாமை செய்கிற குடும்பம் எங்களுடையது. வயலுக்கு இறங்காமல் பிழைக்க ஒரு வழி பார்த்துக்கொண்டான் என்றுதான் என் அப்பா என்னைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருஷம் கழித்து, மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். எஸ்டேட்டுத் துரை வெள்ளைக்காரர். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மலையில் அப்படி ஒன்றிரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ், வா, போ, கொண்டா என்கிற அளவோடு சரி. யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருந்தாலும் பெரிய கிளார்க் வழியாகத்தான் போக வேண்டும். நாலு வார்த்தை நாங்களே நேரில் பேசுகிற அளவுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள்.

போடி ரயிலடிக்குப் பின்னால் அந்த எஸ்டேட்டுக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடம் நடத்திக்கொள்ளத் துரை அனுமதி கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார். மாதம் ஒருமுறை, நன்றாக எழுதுகிற இரண்டு மூன்று பேருடைய நோட்டுகள் அவர் பார்வைக்கு வர வேண்டும். தம் ஆட்கள் பாடம் படிக்கத்தான் இறங்குகிறார்களா, சினிமாப் பார்க்க இறங்குகிறார்களா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

முதல் மாதம் இலக்கணம் நடத்தினேன். பாதிப்பேர் மூட்டையில் சாய்ந்து தூங்கினார்கள். இரண்டாவது மாதம் கம்பவுண்டர் ஒருநாள் தாமதமாக வந்தார். கேட்டதற்கு, பஸ்சில் ஓர் அம்மாவின் கூடையிலிருந்து கோழி தப்பி டிரைவர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டதாகவும், அதைப் பிடிப்பதற்குள் வண்டி வாய்க்கால் ஓரமாக இறங்கிவிட்டதாகவும் சொன்னார். தூங்கினவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அதையே பத்து வரியில் ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அடுத்த வாரம் அந்தப் பத்து வரியையும் ஆளுக்கு ஆள் ஒப்பிக்கிறார்கள். அன்றிலிருந்து இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டேன். வாரம் ஒருவர் தமக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், எல்லோரும் சேர்ந்து அதை ஆங்கிலமாக்க வேண்டும். ஒருவர் காதுக்குள் அட்டை புகுந்தது, ஒருவர் மச்சானோடு கோபித்துக்கொண்டு குரங்கணி வரை நடந்துபோய்ப் பசித்ததும் திரும்பியது, இப்படியே எங்கள் பாடம் ஓடியது. தமிழில் பேசவே கூச்சப்பட்டவர்கள்கூடத் தங்கள் கதை என்றால் ஆங்கிலத்தில் வாய் திறந்தார்கள்.

வாய் திறக்காதவர் ஒருவர்தான். மாயாண்டி என்று பெயர், எஸ்டேட்டின் தபால்காரர். தினமும் மலையிலிருந்து இறங்கி, போடியில் கடிதங்களையும் துரைக்கு வேண்டிய ரொட்டியையும் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுவது அவர் வேலை. நாற்பது வயது இருக்கும். ஐந்தாவது வரை படித்தவர், உறையில் இருக்கும் ஆங்கில விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். வகுப்பில் கடைசி மூட்டையோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். கதை சொல்லச் சொன்னால், அப்புறம் சொல்றேன் சார் என்பார். மற்றவர்கள் போன பிறகு என்னிடம் வந்து வார்த்தை கேட்பார். லாயத்துக்கு என்ன, பிரசவ வலிக்கு என்ன, வழுக்குவதற்கு என்ன. ஒருநாள், காலொடிந்து கிடக்கிற ஓர் உயிர் தவிப்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். நானும் கோயிலில் சுண்டல் கொடுக்கிற மாதிரி வாரி வாரிக் கொடுத்தேன். எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் கதையை நோட்டில் எழுதிக் காட்டினார். தானே சொல்வதுபோல எழுதியிருந்தார். துரை மதுரைக்குப் போயிருக்கிறார். காய் பறிக்கிற ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. கம்பளித் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. கடைசியில் இவர் லாயத்திலிருந்து துரையின் மட்டக்குதிரையை அவிழ்த்து, அந்தப் பெண்ணை உட்காரவைத்து மழையில் மலையிறங்குகிறார். தாயும் பிள்ளையும் பிழைக்கிறார்கள். துரை வருமுன் குதிரையைக் கட்டிவிட வேண்டும் என்று, நடத்திக் கூட்டிப்போக வேண்டிய குதிரைமேல் ஏறிக்கொண்டு மேட்டில் விரட்டுகிறார். அது வழுக்கி விழுந்து முன்னங்கால் ஒடிகிறது. பயந்துபோய் அதை அப்படியே மழையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். காலையில் துரை வந்து அதைச் சுட வேண்டியதாகிறது. கடைசியில் இரண்டு வரி: குதிரைக்காரனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் பேசாமல் இருந்தேன்.

அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். தப்புகளை வட்டம் போட்டேன். அந்தக் கடைசி இரண்டு வரியும் கதைக்குச் சம்பந்தமில்லாமல் தொங்குகிறது என்று நினைத்து நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தேன். குதிரை செத்ததோடு முடித்தால் உருக்கமாக இருக்கும் என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். அடுத்த வாரம் அவர் சுத்தப் பிரதி எழுதிக்கொண்டு வந்தார். நான் சொன்ன திருத்தம் எல்லாம் செய்திருந்தார். அடித்த இரண்டு வரி மட்டும் திரும்ப வந்திருந்தது.

"இருக்கட்டும் சார்" என்றார். வாத்தியார் சொல்லை மீறுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் மற்றபடி அந்த வகுப்பிலேயே அவ்வளவு தெளிவான ஆங்கிலம் வேறு யாரும் எழுதவில்லை. யாரிடமோ கேட்ட கதையைத் தம் கதைபோல எழுதியிருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டு, அந்த மாதம் துரைக்கு அனுப்புகிற நோட்டுகளில் அதை மேலாக வைத்தேன். கயிறு கட்டி, துரை பார்வைக்கு என்று எழுதி, வழக்கம்போல மாயாண்டியின் தபால்பையிலேயே போட்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறப் போனார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் கம்பவுண்டரைப் பார்த்தேன். ஊருக்குப் போய்விட்டு மறுநாள்தான் எஸ்டேட்டுக்குத் திரும்புவதாக இருந்தார். மாயாண்டி எழுதியதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது நெசமா நடந்தது சார். போன ஐப்பசி மழையில. அதையா தொரைக்கு அனுப்புனீங்க?" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண்ணைக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று சொன்னதே கம்பவுண்டர்தான். துரை இல்லாதபோது எஸ்டேட்டு பெரிய கிளார்க் பொறுப்பு. காய் பறிப்பு மும்முரம், தூளி தூக்க ஆள் தர முடியாது என்று இரண்டு நாளும் மறுத்துவிட்டாராம் அவர். மாயாண்டி குதிரையைக் கொண்டுபோனது தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் துரையிடம் சொல்லவில்லை. லாயக் கதவைச் சாத்தாமல் விட்டதால் குதிரை வெளியேறி விழுந்துவிட்டது என்று சொல்லி, குதிரைக்காரர் சன்னாசியைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு அனுப்பிவிட்டார்கள். அவர் பொட்டிபுரத்தில் மாமனார் வீட்டில் இருக்கிறார். துரைக்கு அந்தக் குதிரைமேல் உயிர். உண்மை தெரிந்தால் மாயாண்டிக்கு வேலையும் போகும், லயத்து வீடும் போகும் என்றார் கம்பவுண்டர்.

கெட்டிக்கார மாணவரைத் துரைக்குக் காட்டிப் பேர்வாங்கும் ஆசையில் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. தமிழில் எழுதியிருந்தால் அது துரையிடம் போயிருக்காது, போனாலும் புரிந்திருக்காது. துரைக்குப் புரிகிற ஒரே மொழியில் நானே அதை எழுதச் சொல்லிக்கொடுத்து, பிழை நீக்கி, கயிறும் கட்டி அனுப்பியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன். அது நடந்த கதையில்லை, பயிற்சிக்காக நானே கற்பனை செய்து கொடுத்தது என்று துரையிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பொய்தான். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிற பொய்யில் என்ன தப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் ஒரு வண்டியைப் பிடித்துக் குரங்கணி போய், அங்கிருந்து நடந்து ஏறினேன். வயல்காட்டில் வளர்ந்தவனுக்கு மலை ஏற வரும் என்று நினைப்பதெல்லாம் சும்மா. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். ஏலச்செடிகளுக்குள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு காலிலும் அட்டை. துரை பங்களாவின் சமையல்காரர் மலையாளத்துக்காரர், "துரை ஆஃபீசில் உண்டு சாரே" என்று வழிகாட்டினார்.

துரை மேஜையில் அந்த நோட்டு விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் பெரிய கிளார்க் நின்றுகொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கியபடியே வணக்கம் சொன்னதும் துரை நோட்டைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டார். நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். இது வெறும் பயிற்சிக்கதை, கரு என்னுடையது, எஸ்டேட்டில் குதிரை விழுந்த சம்பவத்தை யாரோ பேசக்கேட்டு அதை வைத்துக் கற்பனை செய்து கொடுத்தேன், தங்கள் மனம் நோகும் என்று யோசிக்காதது என் தவறு என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்குப்போல் என்றைக்கும் வழுக்காமல் வந்ததில்லை. துரை முகம் தளர்ந்து, உங்கள் கற்பனை மிகவும் கொடுமையானது என்று சொல்லி நோட்டை மூடினார். பெரிய கிளார்க் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாக எடுத்துப் போட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த நேரம் வாசலில் மாயாண்டி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது, நான் பேசியதைக் கேட்டிருக்கிறார். கேட்டுப் புரிந்துகொள்ளும்படி நான்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். வைதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. உள்ளே வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, நேராகத் துரையைப் பார்த்து நின்றார்.

"நோ, சார். இட் இஸ் ட்ரூ. மை ஸ்டோரி" என்றார்.

துரை நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உங்களில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள், யார் என்று என்னிடம் கேட்டார். இந்த இடத்தில் நான் இரண்டாம் தடவையும் பொய் சொல்ல இருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இந்த மனிதர் நோட்டில் எழுதிய கதையைத் தன் கதையாகவே நினைத்துக் குழம்பிவிட்டார் என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வாத்தியாரையும் ஒரு தபால்காரரையும் எதிரெதிரே வைத்தால் துரை யாரை நம்புவார் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் வேலையும் பிழைக்கும், பள்ளிக்கூடத்தில் என் பேரும் பிழைக்கும். ஆனால் அடித்த இரண்டு வரியைத் திரும்ப எழுதியதும், இருக்கட்டும் சார் என்று அவர் சொன்னதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று அந்த நோட்டைத் தோளில் சுமந்து ஏறியவர் அவர்தான். வேண்டாம் என்று நினைத்திருந்தால் வழியில் எத்தனையோ ஓடை இருக்கிறது. இந்த மனிதர் காட்டிக்கொடுக்கப்பட்டவர் இல்லை. இதைச் சொல்வதற்காகவே மாதக்கணக்கில் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்.

பொய் சொன்னது நான்தான் என்று துரையிடம் சொன்னேன். உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு மாயாண்டி பேசினார். நோட்டில் எழுதிய அழகு வாயில் வரவில்லை. பாதி வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது, நடந்ததையெல்லாம் இப்போது நடப்பதுபோலச் சொன்னார். என் கை பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு தப்பையும் திருத்தவில்லை. துரை இடையில் நிறுத்தி, அன்று நீயே இதே இடத்தில் வந்து லாயக் கதவு திறந்து கிடந்ததாகச் சொன்னாயே என்று கேட்டார். மாயாண்டி தலையை ஆட்டினார். நான் அப்படிச் சொல்லவில்லை, நான் கொண்டுபோனேன் என்று சொன்னேன், தமிழில் சொன்னேன் என்றார்.

குதிரை செத்த அன்று காலையே மாயாண்டி தாமாகவே ஆஃபீசுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். நடுவில் நின்று அதை ஆங்கிலத்தில் சொன்னவர் பெரிய கிளார்க். உண்மையைச் சொன்னால், இரண்டு நாள் ஏன் ஆள் தரவில்லை என்ற கேள்வி கிளார்க்கிடம்தான் வரும். துரை இப்போது திரும்பிக் கிளார்க்கைப் பார்த்தார். வெளியே போய் நிற்கச் சொன்னார். பாவம், அவர் கதவைத் திறக்கத் தெரியாதவர்போலத் தடுமாறிக்கொண்டு போனார். அடுத்த தைக்கு முன்பே அவர் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

கடைசியாகத் துரை ஒன்று கேட்டார். சரி, அன்று சொன்னது என்னிடம் வந்து சேரவில்லை, ஆனால் குதிரைக்காரனை அனுப்பியபோது உனக்குத் தெரிந்திருக்குமே, ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்றார். மாயாண்டி என் பக்கம் திரும்பினார். நான் உதவிக்கு வாயெடுத்தேன்.

"நீங்க வேண்டாம் சார். நானே சொல்லிக்கிறேன்" என்றார் என்னிடம். பிறகு துரையிடம், பயந்தேன், சந்தோஷமாகவும் இருந்தேன், என் வேலை பிழைத்தது என்று சந்தோஷமாக இருந்தேன், அது கெட்ட சந்தோஷம் என்று நாலு உடைந்த வாக்கியத்தில் சொன்னார். நான் என் வாழ்நாளில் கேட்ட ஆங்கிலத்தில் அதைவிட நல்ல ஆங்கிலம் இல்லை.

துரை நோட்டைத் தள்ளி வைத்தார். அந்தப் பெண்ணைக் கொண்டுபோகக் கேட்டிருந்தால் குதிரையை நானே கொடுத்திருப்பேன் என்றார். ஆனால் கால் ஒடிந்த ஜீவனை மழையில் விட்டுவிட்டுப் போனவரைத் தன்னால் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இன்றோடு வேலை முடிந்தது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். பிறகு தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, அதைச் சன்னாசியிடம் சேர்ப்பது உன் கடைசி வேலை என்று மாயாண்டியிடம் கொடுத்தார். உறையில் போடவில்லை. என்னிடம், வகுப்பு நடக்கட்டும், நீங்கள் மட்டும் இனிமேல் என்னிடம் கற்பனை சொல்லாதீர்கள் என்றார்.

இறங்கும்போது நான்தான் புலம்பிக்கொண்டே வந்தேன். என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே என்று கேட்டேன். எத்தனையோ தடவை வார்த்தை கேட்டேனே சார், எதுக்குன்னு நீங்க கேக்கலையே என்றார் அவர். குற்றம் சொல்கிற குரலே இல்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னே நடந்து அதை அவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டேன்.

இளையவர்களான உங்களுக்கு இதில் நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதை வழியாகக் கற்பியுங்கள், நல்லது. நோட்டு கைக்கு வந்ததும் பேனாவைத் திறக்காமல் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். இதை யாருக்காக எழுதினீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் சும்மா எழுதினேன் சார் என்றுதான் பதில் வரும். அப்புறம் வட்டம் போட்டுக்கொள்ளலாம். காப்பாற்றுகிறேன் என்று கிளம்புமுன்னாலும், காப்பாற்றப்பட வேண்டும் என்று அவர் கேட்டாரா என்று யோசியுங்கள். நான் அன்று கிளார்க் செய்ததையேதான் செய்தேன். அவர் கெட்ட எண்ணத்தோடு மாயாண்டியின் பேச்சை மாற்றினார், நான் நல்ல எண்ணத்தோடு மாற்றினேன். பாதிக்கப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான். மாயாண்டி பிறகு போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். வகுப்பு நின்றுபோகிற வரையில் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார்.

அன்று நாங்கள் குரங்கணியில் ஒரு பாறையில் உட்கார்ந்தபோது அவர் கடிதத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தார். ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்டார். பொருள் சொல்ல நான் முழுவதையும் படிக்க வேண்டியிருந்தது. அதில் இருந்ததைப் பார்த்ததும், பொட்டிபுரத்துக்கு நானும் வருகிறேன், வேண்டுமானால் நானே சன்னாசிக்குப் படித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வரச் சொன்னார், படிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது சாயுமுன் பொட்டிபுரம் போய்விட்டோம். சன்னாசி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். மாயாண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மாயாண்டி நின்றபடியே கடிதத்தைப் பிரித்து, ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பதும் அதைத் தமிழில் சொல்வதுமாக ஆரம்பித்தார்.

"ஒன் லாயக் கதவு சாத்தித்தான் இருந்திருக்கு. ஓம்மேல தப்பு இல்ல. எனக்கு வேற மாதிரி சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். திரும்ப வேலைக்கு வா" என்று சொன்னார். சன்னாசியின் கை நின்றது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் கேட்பதற்கு அங்கே ஆளில்லை. எனக்கு மட்டும்தான் மீதி தெரியும், நான் சொல்லப்போவதில்லை. மாயாண்டியின் விரல் அடுத்த வரியில் போய் நின்றது. அதையும் படித்துச் சொன்னார்.

"இந்தக் கடுதாசியக் கொண்டுவர்ற ஆளு, ஒரு பொம்பள உசுரக் காப்பாத்தக் குதிரைய ஓட்டிட்டுப் போனான். அதுக்கு நான் குத்தம் சொல்லல. ஆனா காலொடிஞ்ச குதிரைய மழையில தவிக்க விட்டுட்டுப் போயிட்டான். அவன் செஞ்சதுக்காக ஒன்னைய அனுப்புனப்ப, தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்து தன் வேலையக் காப்பாத்திக்கிட்டான்."

கடிதத்தை மடித்துச் சன்னாசியிடம் நீட்டினார். சன்னாசி அதை வாங்கிக்கொண்டு, எழுத்துத் தெரியாதவர், மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து முதல்முறையாகப் பேசினார்.

"அம்புட்டும் இதுலயே எழுதியிருக்கா சார்?"

"ஆமா" என்றேன். "ஒரு வார்த்தை விடல."